காயம் ஆறியும் ஆறாத வலி

வலியை அறியாதார் இவ்வுலகில் எவருமிலர். முள் தைத்தால் வலிக்கும்; அடுப்பிலே கை பட்டால் வலிக்கும்; பல் சூத்தையானால் வலிக்கும். காரணம் கண்முன்னே இருப்பதாலும், அக்காரணம் நீங்கியதும் வலியும் நீங்கிவிடுவதாலும், இத்தகைய வலியைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. ஆயின் காயம் ஆறிய பின்னும், முறிந்த எலும்பு பொருந்திய பின்னும், ஆண்டுக்கணக்காக நீடிக்கின்ற வலியொன்று உண்டு. மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தோ விட்டுவிட்டோ நிலைக்கும் வலியை மருத்துவ உலகம் நாட்பட்ட வலி என வகுத்துள்ளது. இப்பிரித்தானிய நாட்டில் நம்மிடையே வாழும் முதியோர் பலரும், நடுத்தர வயதுப் பெண்கள் பலரும் இவ்வலியோடுதான் நாள்களைக் கழிக்கின்றனர். அவர்களுள் ஒரு சாராருக்கு இரத்தப் பரிசோதனை, எக்ஸ்றே, எம்.ஆர்.ஐ. படம் ஆகிய யாவும் செய்து முடித்தபின் கிடைக்கும் விடை "ஒன்றுமில்லை" என்பதே.

அச்சொல் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வேறொரு பொருளைப் பெற்றுவிடுகிறது. மருத்துவர் கூறியது, ஆபத்தான நோய் எதுவும் படத்தில் தெரியவில்லை என்பது. வீட்டார் விளங்கிக்கொள்வது, அம்மாவுக்கு நோவே இல்லை, எல்லாம் மனப்பிரமை என்பது. அம்மாவோ தாம் பொய் சொல்வதாக எண்ணிவிட்டார்களே என்று மனம் நொந்து, வேறொரு மருத்துவரையும் வேறொரு படத்தையும் தேடத் தொடங்குகிறார். அல்லது வாய் திறவாமல் இருந்துவிடுகிறார். இவ்விரண்டும் அவருக்குத் தீங்கானவை. படத்தில் ஒன்றும் தெரியாத வலியும் மெய்யான வலியே என்பதையும், அது எவ்வாறு உண்டாகிறது என்பதையும் கடந்த 60 ஆண்டு ஆராய்ச்சி பெருமளவு விளக்கியுள்ளது. அதனை நம் வீட்டுப் பெரியோருக்கு நம் மொழியிலேயே எடுத்துரைக்க வேண்டிய தேவை இருக்கிறது. அக்காரணம்பற்றியே தமிழ்ப்பள்ளி மலரொன்றில் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

முதலில், வலி எங்கே உண்டாகிறது? காலில் முள் தைத்தால் வலி காலில் இருப்பதாகவே உணர்கிறோம். உண்மையில் காலிலிருந்து புறப்படுவது வலியன்று. ஆபத்து இருக்கலாம் என்னும் செய்தி மட்டுமே. அச்செய்தியை இருவகை நரம்பிழைகள் காவிச் செல்கின்றன. ஒருவகை விரைந்து செல்வது. "சுள்" என்று முதலில் தோன்றும் கூரிய நோவு அதனுடையது. மற்றையது மிக மெல்லியது, நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் வேகத்தில் ஊர்ந்து செல்வது. பின்னர் வந்து நெடுநேரம் நிற்கும் மந்தமான நோவு அதனால் வருவது. இவ்விழைகள் தண்டுவடம் எனவும் முண்ணாண் எனவும் அழைக்கப்படும் நரம்புத்தொகுதியை அடைந்து, அங்குள்ள நரம்புக் கலங்களிடம் செய்தியைக் கையளிக்கின்றன. அங்கிருந்து அது மூளைக்குச் செல்கிறது. மூளை அச்செய்தியோடு பழைய நினைவு, அச்சம், அவ்வேளைச் சூழ்நிலை ஆகியவற்றையும் சேர்த்து எடைபோட்ட பின்னரே வலி என்னும் உணர்வு பிறக்கிறது.

இவ்வெடைபோடல் எத்துணை வலியது என்பதற்கு இரண்டாம் உலகப் போரில் ஒரு சான்று உண்டு. 1944 இல் இத்தாலியின் அன்சியோ கடற்கரைப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், படுகாயமுற்றுக் கொண்டுவரப்பட்ட போர்வீரரிற் பெரும்பாலோர் வலிநீக்கி மருந்து வேண்டுமெனக் கேட்கவில்லை என்பதைக் கண்டு வியந்தார். அவர்களுக்கு அக்காயம் உயிர்தப்பி வீடு திரும்புவதன் அடையாளமாக இருந்தது என்று அவர் கருதினார். காயம் பெரிது, வலி சிறிது. இதற்கு நேர்மாறானது, வெட்டி அகற்றப்பட்ட காலில் வலிப்பது. இல்லாத உறுப்பு வலிக்கும் இவ்விந்தைக்கு 1871 இல் அமெரிக்க நரம்பியலாளர் சைலாஸ் வெயர் மிற்செல் மாய உறுப்பு எனப் பெயரிட்டார். நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின், 1990களின் நடுப்பகுதியில், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று கலிபோர்னியா சென்ற நரம்பியலறிஞர் விளையனூர் இராமச்சந்திரன், சாதாரண முகக்கண்ணாடி ஒன்றைப் பெட்டியில் நிறுத்தி, இருக்கும் கையின் விம்பத்தை இல்லாத கையாகக் காட்டி, நோயாளிகள் சிலரின் வலியைத் தணித்துக் காட்டினார். கையே இல்லாத இடத்தில் வலி இருந்தது என்பதும், கண்ணாடி விம்பம் ஒன்று அவ்வலியைத் தணித்தது என்பதும் வலிக்கும் காயத்துக்கும் உள்ள உறவு நாம் எண்ணுவதுபோல் நேரானதன்று என்பதைத் தெளிவுபடுத்துகின்றன.

1965 இல் கனடியரான றொனால்ட் மெல்சாக்கும் ஆங்கிலேயரான பற்றிக் வோலும் இணைந்து வாயிற் கட்டுப்பாட்டுக் கொள்கையை வெளியிட்டனர். முண்ணாணில் ஒரு வாயில் இருப்பதாகவும், மேலே செல்லும் செய்தியை அது கூட்டவோ குறைக்கவோ வல்லது என்பதாகவும் அவர்கள் கூறினர். இதனை நம் பாட்டிமார் செயலில் அறிந்திருந்தனர். குழந்தை கால் இடறி விழுந்தால் ஓடிச் சென்று அவ்விடத்தைத் தேய்த்துவிடுவர். தேய்க்கும்போது தொடுகை உணர்வைக் காவும் பருத்த நரம்பிழைகள் தூண்டப்படுகின்றன. அவை வாயிலைச் சற்றுச் சாத்துகின்றன. வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய் தேய்த்தலும் சற்று நேரத்துக்கேனும் இதம் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். மூளையிலிருந்தும் கீழ்நோக்கி வலியை அடக்கும் பாதைகள் இறங்கி வருகின்றன. அவை செரட்டோனின், நோரட்ரினலின் முதலிய இரசாயனங்களையும், உடல் தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களையும் பயன்படுத்துகின்றன.

நிற்க. வலி ஏன் நாட்பட்டுப் போகிறது என்பதே நம் வினா. இதற்குத் திறவுகோலாக அமைந்தது 1983 இல் கிளிபர்ட் வுல்ப் என்னும் ஆராய்ச்சியாளர் இலண்டனில் எலிகளைக் கொண்டு செய்து வெளியிட்ட ஆய்வு. எலியின் பாதத்தில் காயம் உண்டாக்கியபின் அதன் முண்ணாண் சிறு தூண்டலுக்கும் மிகையாகத் துலங்கியது. காயம்பட்ட இடத்தை மருந்திட்டு மரத்துப்போகச் செய்த பின்பும் அம்மிகையுணர்வு முற்றாக அடங்கவில்லை. அதாவது, மாற்றம் பாதத்தில் மட்டுமன்றி முண்ணாணிலேயே நிகழ்ந்திருந்தது. செய்தி மீண்டும் மீண்டும் வந்து மோதுகையில், அதனைப் பெறும் நரம்புக் கலங்களின் மேலுள்ள, வழமையாக அடைபட்டுக் கிடக்கும் ஒருவகை ஏற்பிகள் திறந்துகொள்கின்றன; கலம் எளிதில் கிளர்ச்சியுறுகிறது. முன்னர் ஒலி எழுப்பாத சிறு தொடுகையும் இப்போது ஒலியெழுப்புகிறது. அயலிலுள்ள கலங்களுக்கும் இது பரவுவதால் வலி ஓரிடத்தில் நில்லாமல் பரந்துபோகிறது. மேலிருந்து இறங்கி வரும் அடக்கும் பாதைகளும் தளர்ந்துவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும். இதனையே மைய நரம்பு மண்டலத்தின் மிகையுணர்வு என்கின்றனர்.

இந்நாட்டு வீடுகளில் வாழ்வோருக்கு எளிய உவமை ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டின் கூரையிலும் புகை எச்சரிக்கைக் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. வீடு தீப்பற்றினால் அலறுவது அதன் கடமை. நம் வீடுகளிலோ கடுகு தாளித்தாலே அது அலறத் தொடங்கிவிடும். அலறல் மெய், காது செவிடுபடுவதும் மெய், தீ மட்டும் இல்லை. அவ்வேளை தீயணைப்புப் படையை அழைத்து வீட்டைச் சோதித்தால் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லிச் செல்வர். பழுதுபார்க்க வேண்டியது அடுப்படியை அன்று; கருவியின் உணர்திறனை. மிகையுணர்வுற்ற நரம்பு மண்டலத்தின் நிலை ஏறக்குறைய இதுவே. போர்வை உரசினால் நோவதும், பேரப்பிள்ளை மடியில் ஏறினால் தொடை எரிவதும், சிலருக்கு ஒளியும் ஓசையும் வாசனையுங்கூடத் தாங்க முடியாமற் போவதும் இதனாலேயே.

நிழற்படங்களைப் பற்றியும் ஒரு சொல். "ஒன்றுமில்லை" என்னும் விடையைப் போலவே, "முதுகெலும்பு வட்டு தேய்ந்துவிட்டது" என்னும் விடையும் மனிதரை முடக்கவல்லது. முதுகுவலியே இல்லாத 3110 பேரின் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015 இல் வெளிவந்த கட்டுரையொன்று, 20 வயதினருள் நூற்றுக்கு 37 பேருக்கும், 80 வயதினருள் நூற்றுக்கு 96 பேருக்கும் வட்டுத் தேய்வு காணப்பட்டதாகக் கூறுகிறது. தலைமயிர் நரைப்பது போன்றதொரு மாற்றமாகவே பல சமயங்களில் இது அமைகிறது. படத்தைக் கண்டு அஞ்சிக் குனிவதையும் நடப்பதையும் கைவிட்டோர் பலரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்குத் தேய்வு செய்த கெடுதியிலும் அச்சம் செய்த கெடுதி பெரிது என்பதே என் எண்ணம்.

இவ்வகை வலிக்கு மருத்துவத்தில் இப்போது உரிய இடம் கிடைத்துள்ளது. உடல் முழுவதும் உளைந்து, உறக்கம் கெட்டு, சோர்வும் மறதியும் சேரும் பைப்ரோமயால்ஜியா என்னும் நிலைக்கு 1990 இல் அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி இலக்கணம் வகுத்தது. காயமோ நரம்புச் சேதமோ இன்றி வலியுணர்த்தும் அமைப்பின் மாற்றத்தால் வரும் வலியை மூன்றாவதொரு வகையாக அனைத்துலக வலி ஆய்வுச் சங்கம் 2017 இல் ஏற்றுக்கொண்டது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் முதனிலை நாட்பட்ட வலி என்பது தனிநோயாகவே இடம்பெற்றுள்ளது. நோயாளி பொய் சொல்கிறார் என்று கூறுவோருக்கு இப்பட்டியலே விடை.

ஒரே காயம் ஒருவருக்கு ஆறிப்போக, இன்னொருவருக்கு ஏன் இவ்வாறு நிலைத்துவிடுகிறது? பரம்பரை ஒரு பங்கு வகிக்கிறது. உறக்கமின்மை பெரும்பங்கு வகிக்கிறது. நல்ல உடல்நிலை உள்ளவரையே சில இரவுகள் உறங்கவிடாமற் செய்தால் அவருடைய வலியுணர்வு கூடிவிடும். நீடித்த அச்சமும் துயரும் இதனோடு சேர்கின்றன. நம் சமூகத்தைப் பொறுத்தவரை இதனைச் சொல்லாமற் செல்ல இயலாது. குண்டுவீச்சுக்கிடையே பதுங்குகுழிகளில் இரவுகளைக் கழித்தோர், பிள்ளைகளைப் பறிகொடுத்தோர், தடுப்புக்காவலிற் துன்புறுத்தப்பட்டோர் நம் நடுவே வாழ்கின்றனர். துன்புறுத்தலுக்கு உள்ளானோரிடம் நாட்பட்ட வலி மிகுதியாகக் காணப்படுவது பல நாடுகளிலும் அறியப்பட்ட உண்மை. ஆண்டுக்கணக்காக ஆபத்தை எதிர்நோக்கி விழித்திருந்த நரம்பு மண்டலம், ஆபத்து நீங்கிய பின்னும் விழித்தே இருக்கிறது. இதனை மனநோய் என்று கூறி ஒளிப்பதற்கு இடமில்லை. முண்ணாணிலும் மூளையிலும் நிகழும் உடல்மாற்றம் இது. அதே வேளை, உள்ளத்து அச்சம் தணியும்போது உடல்வலியும் குறையக்கூடும் என்பதையும் ஏற்க நாம் பின்னிற்றல் ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நோவு எதுவாயினும் அதனை மிகையுணர்வு என்று தாமே தீர்மானித்துவிடக் கூடாது. காரணமின்றி உடல் மெலிதல், காய்ச்சல், இரவில் எழுப்பும் புதிய வலி, முன்னர் புற்றுநோய் இருந்தமை ஆகியன இருந்தால் காலந்தாழ்த்தாது மருத்துவரைக் காணல் வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடிழத்தல், தொடைகளின் இடைப்பகுதி மரத்தல், கால்கள் வலுவிழத்தல் தோன்றினால் அன்றே, அப்பொழுதே, அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். வெயில் குறைந்த இந்நாட்டில் நம்போன்ற கருநிறத்தோருக்கு வைற்றமின் டி குறைபாடு எளிதில் உண்டாகும். அதனாலும் எலும்பும் தசையும் நோகும். தைரொயிட் சுரப்பிக் குறைபாடும் அவ்வாறே. எளிய இரத்தப் பரிசோதனைகளால் இவற்றை அறியலாம், தீர்க்கவும் செய்யலாம். நாட்பட்ட வலியுள்ள ஒருவருக்குப் புதிதாக வேறு வகை நோவு தோன்றினால், "உங்களுக்கு எப்போதும் நோவுதானே" என்று அதனைத் தள்ளிவிடுவதும் தவறு.

இனிச் சிகிச்சை. மருந்துக்குளிசையில் நம்பிக்கை வைத்திருப்போர்க்கு இப்பகுதி ஏமாற்றம் தரலாம். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டி, முதனிலை நாட்பட்ட வலிக்குப் பரசிற்றமோல், இபுபுறோபன் போன்றவற்றையும், அபின்வகை மருந்துகளையும் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று கூறுகிறது. இவ்வகை வலிக்கு அவற்றால் நன்மை உண்டென்பதற்குச் சான்று போதாது, தீமைக்கோ சான்றுண்டு. அபின்வகை மருந்துகளை நெடுநாள் உட்கொண்டால் உடல் அவற்றுக்கு அடிமையாவதோடு, சிலருக்கு வலியுணர்வு மேலும் கூடுவதும் அறியப்பட்டுள்ளது. எனினும் ஏற்கனவே உட்கொள்வோர் அவற்றைத் திடீரென நிறுத்துதல் ஆபத்தானது. மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். அதே வழிகாட்டி அமிற்றிப்ரிலின், டுலொக்செற்றின் போன்ற, மனச்சோர்வுக்கெனத் தரப்படும் மருந்துகளை முயன்று பார்க்கலாம் என்கிறது. "எனக்கு விசர் என்று நினைத்தா இக்குளிசையைத் தந்தார்கள்?" என்று சினந்து அவற்றைக் குப்பையில் எறிந்த பெரியவர்கள் உளர். முற்கூறிய, மூளையிலிருந்து இறங்கி வலியை அடக்கும் பாதைகளில் பயன்படும் இரசாயனங்களை இம்மருந்துகள் கூட்டுகின்றன என்பதை எவரேனும் அவர்களுக்குத் தமிழில் சொல்லியிருந்தால் எறிந்திருக்க மாட்டார்கள்.

மருந்தினும் பயன் தருவது உடலசைவு. ஆயின் அசைவிலும் ஓர் அளவு வேண்டும். நம்மவரிடையே காணப்படும் வழக்கம் யாது? சற்று நலமாக இருக்கும் நாளில், கோயில் அன்னதானத்துக்கென மூன்று மணி நேரம் நின்று காய்கறி வெட்டி, பாத்திரமும் கழுவி முடிப்பர். மறுநாள் எழ இயலாது. நான்கு நாள் படுக்கை. தசை தளர்கிறது, அசைந்தால் நோகும் என்ற பாடத்தை மூளை மேலும் ஒருமுறை கற்றுக்கொள்கிறது. அடுத்த நலமான நாளில் மறுபடியும் அதே கதை. இதற்கு மாற்றாக, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் செய்யக்கூடிய ஓர் அளவைக் கண்டறிய வேண்டும். அது பத்து நிமிட நடையாக இருக்கலாம். ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம். வாரங்கள் செல்லச் செல்லச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நலமான நாளில் அளவோடு நிறுத்துவதே இதிற் கடினமானது. அன்னதானப் பந்தியில் ஒருவரை அமரச் சொல்லி மற்றவர்கள் வேலையைப் பகிர்ந்துகொண்டால் அது எளிதாகும். நடை, நீச்சல், யோகாசனம் என எதுவாயினும் நன்று. இன்னதுதான் சிறந்தது என்று கூற ஆதாரமில்லை. தொடக்கத்தில் சற்று நோவு கூடுதல் இயல்பு.

வலியைப் பற்றிய விளக்கமே ஒரு சிகிச்சையாவதும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நாட்பட்ட முதுகுவலியுடைய 151 பேரைக் கொண்டு நிகழ்த்தப்பட்டு 2022 இல் அச்சான ஆய்வில், தம் வலி உடற்சேதத்தின் அறிகுறியன்று, மூளையின் பொய்யெச்சரிக்கை என்று நான்கு வாரங்கள் பயிற்றப்பட்ட 50 பேருள் 33 பேர் வலி முற்றாகவோ ஏறக்குறைய முற்றாகவோ நீங்கப்பெற்றனர். வழமையான மருத்துவத்தை மட்டும் தொடர்ந்த 50 பேருள் அவ்வாறு தேறியோர் 5 பேர். அவ்வாய்விற் பங்குபற்றியோர் பெரும்பாலும் மிதமான வலியுடையோர் என்பதால், அனைவருக்கும் இதே பயன் கிட்டுமென எண்ணுதல் பொருந்தாது. இந்நாட்டிலும் உளவியல் சார்ந்த பயிற்சிகளும், குறித்த அளவு அக்குபங்சர் சிகிச்சையும் மேற்படி வழிகாட்டியில் இடம்பெற்றுள்ளன. முற்றான குணம் பலருக்குக் கிட்டுவதில்லை; உறக்கம் திரும்புதல், கடைக்கு நடந்து செல்ல முடிதல், பேரப்பிள்ளையைத் தூக்க முடிதல் என்பனவே பலர் காணும் முன்னேற்றம். அவை சிறியனவல்ல.

இறுதியாக மொழியைப் பற்றிக் கூற வேண்டும். படத்தில் தெரியாத வலிக்கு நோயாளியின் சொல்லே முதற்சான்று. மெல்சாக் 1975 இல் வெளியிட்ட வினாக்கொத்து, வலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி வகைப்படுத்தியே ஆக்கப்பட்டது. தமிழிலோ இச்செல்வத்துக்குக் குறைவில்லை. உளைவு வேறு, குத்து வேறு. கடுப்பு, எரிவு, பிடிப்பு, இழுவை, விறைப்பு, விண்விண்ணென்று தெறித்தல், எறும்பு ஊர்வது போலிருத்தல் என ஒவ்வொன்றும் தனித்தனி. எரிவும் எறும்பூர்தலும் நரம்புச் சேதத்தைச் சுட்டக்கூடும். உடலெங்கும் பரந்த உளைவு மிகையுணர்வைச் சுட்டக்கூடும். பாட்டி இவ்வளவையும் விரித்துக் கூற, உடன் சென்ற பன்னிரண்டு வயதுப் பேரன் மருத்துவரிடம் "வலிக்கிறதாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை மருத்துவமனைகளில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பிள்ளையைக் குறைகூறிப் பயனில்லை. உளைவுக்கும் கடுப்புக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அவனுக்குக் கற்பிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் அமெரிக்கரான மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் மாணவருக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் மொழிபெயர்த்தார். நம் பேரர்களுக்கு நோவின் பெயர்களையேனும் நாம் சொல்லிக்கொடுக்கலாம். வகுப்பில் உடலுறுப்புகளின் பெயர்களைக் கற்பிக்கும் நாளிலேயே இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எனினும் சிறுவரை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லுதல் தகாது. பேரன் முன்னிலையில் பாட்டி சொல்ல நாணும் செய்திகள் உண்டு. அவன் கேட்கத் தகாத போர்க்கால நினைவுகளும் உண்டு. மருத்துவரைக் காணுமுன் ஒரு வாரத்துக்கு, நோவு எங்கே, எவ்வகை, எப்போது கூடுகிறது, இரவில் எத்தனை மணி நேர உறக்கம், நோவினால் கைவிட்ட வேலைகள் எவை என்பவற்றை ஒரு கொப்பியில் தமிழில் எழுதிவைப்பது நன்று. தேசிய சுகாதார சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் உதவியைக் கட்டணமின்றிப் பெறலாம். மருத்துவரைக் காண நாள் குறிக்கும்போதே மொழியின் பெயரைச் சொல்லி அதனைக் கேட்டுவைத்தல் வேண்டும்.